குளத்தில் கயாக் இறக்க யாரிடம் காசு கட்டணும்? திண்டுக்கல் நீர்நிலைகளும் கட்டணக் கணக்கும்

காற்றடித்து விரிக்கிற கயாக் இப்போது ஆன்லைனிலேயே கிடைக்கிறது. மடித்தால் ஒரு பெரிய பைக்குள் அடங்கிவிடும், கார் டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். திண்டுக்கல் டவுனில் இருக்கும் ஒருவர் அப்படி ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பட்டி வழியாக ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போகிறார் என்று வையுங்கள். கரையில் நின்று படகை இறக்க வேண்டும். யாரிடம் அனுமதி கேட்பது? எங்கே சீட்டு வாங்குவது? எவ்வளவு?

இந்த மூன்று கேள்விக்கும் அணைக்கரையில் பதில் எழுதிய பலகை கிடையாது. "இறங்கக் கூடாது, ஆழமான பகுதி" என்ற எச்சரிக்கை மட்டும் பல நீர்நிலைகளில் உண்டு. சொந்தப் படகோடு வருபவர் ஒருவர் இருக்கலாம் என்று நம் விதிகள் இன்னும் யோசித்தே பார்க்கவில்லை. வெளிநாடுகளிலோ கயாக் இறக்க ஆண்டு பாஸ், வாரப் பாஸ், பார்க்கிங் பாஸ் என்று பெரிய பஞ்சாயத்தே நடக்கிறது. அந்தப் பஞ்சாயத்து இங்கேயும் வரும். வருவதற்கு முன்னால், எந்தக் காசு எதற்கு என்று பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டும் ஒரே காசு அல்ல

படகுச் சவாரிக்குக் கட்டணம் என்றால் நமக்குத் தெரியும். கொடைக்கானல் ஏரியில் மிதிபடகு, துடுப்புப் படகு எடுக்கிறோம். முட்டுக்காட்டில் 1984-ல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகு குழாமுக்கும், பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கும் போனால் கவுன்ட்டரில் டிக்கெட் வாங்குகிறோம். அங்கே நாம் கொடுப்பது வாடகை. படகு அவர்களுடையது, லைஃப் ஜாக்கெட் அவர்களுடையது, துடுப்புப் போடுபவரின் கூலியும் அதில் அடக்கம். ஆகவே வாடகை கேட்பதில் தகராறு ஒன்றும் இல்லை.

தண்ணீரைத் தொடுவதற்கே வாங்கும் காசு வேறு வகை. படகு என்னுடையது, துடுப்பு என்னுடையது, நானே ஓட்டிக்கொள்கிறேன். தேவைப்படுவது கரையில் பத்தடி இடமும், அதற்கப்புறம் தண்ணீரும்தான். அதற்கு ஏன் காசு, யாருக்குக் காசு என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. தமிழ்நாட்டில் இந்த இரண்டு காசும் எப்போதும் ஒரே டிக்கெட்டுக்குள் கலந்தே வந்திருப்பதால், படகு குழாம் வந்தாலே ஏரி முழுக்க அதற்குச் சொந்தம் என்பது போல ஆகிவிடுகிறது. வேறு யாரும் இறங்க முடியாது. ஏன் முடியாது என்று கேட்டால், "குத்தகை அவங்களுது" என்பார்கள்.

கொடைக்கானல் சொல்லும் பழைய கதை

மாவட்டத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் மலைமேல் இருக்கிறது. கொடைக்கானல் ஏரி இயற்கையானதல்ல. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்து உருவாக்கியது. சுமார் 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்ததும் அவர்தான் என்பார்கள். 1890-ல் அங்கே படகு கிளப் உருவானது. ஆனால் வெளியூர்க்காரர்களும் பொதுமக்களும் படகில் ஏற வழி திறந்தது 1932-ல்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல், ஏரியைச் சுற்றி நடந்து வேடிக்கை பார்க்கலாம், ஏறிப் போக முடியாது என்ற நிலை. வெள்ளைக்காரன் காலம், அப்படித்தான் இருந்திருக்கும் என்று தள்ளிவிடலாம். ஆனால் யோசித்தால், 'உறுப்பினர் மட்டும்' என்ற பலகைக்கும் 'குத்தகைதாரர் மட்டும்' என்ற பலகைக்கும் கரையில் நிற்பவருக்கு என்ன பெரிய வித்தியாசம்?

அதே 1890-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமும் வந்தது. கால்வாய்கள் மற்றும் பொதுப் படகுத்துறைச் சட்டம். ஆற்றைக் கடக்கிற துறைகளில் ஓடக்கூலி வசூலிப்பது, கால்வாயில் ஓடும் படகுகளை முறைப்படுத்துவது எல்லாம் அதில் அடங்கும். பக்கிங்ஹாம் கால்வாயில் உப்பும் விறகும் படகில் போன காலத்துச் சட்டம். சரக்குப் படகையும் ஓடத்தையும் மனதில் வைத்து எழுதியது. பொழுதுபோக்குக்காக ஒருவர் தனியாகத் துடுப்புப் போடுவார் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்?

புதுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1917-ம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம். இதன் பெரும்பகுதி இன்ஜின் வைத்த படகுகளுக்கானது. பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் சான்றிதழ் எல்லாம் அவற்றுக்கு. இன்ஜின் இல்லாத படகுகளைப் பதிவு செய்கிற வேலையை மாவட்டம், வட்டம், ஊராட்சி அளவுக்கு இறக்கிவிட்டிருக்கிறது. அதாவது சட்டப்படி பார்த்தால் பரிசலும் கயாக்கும் கடைசியில் உள்ளூர் நிர்வாகத்தின் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

தண்ணீர் யாருடையது?

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். சமவெளியில் ஒரு குளத்துக்கு ஒரு சொந்தக்காரர் கிடையாது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய், குளங்கள் நீர்வளத் துறையிடம். 2021-க்கு முன்பு இதைப் பொதுப்பணித் துறை என்றே சொல்லிப் பழகியிருந்தோம், இன்றைக்கும் கிராமத்தில் 'பி.டபிள்யூ.டி. குளம்' என்றுதான் பெயர். அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம். டவுனுக்குள் இருக்கும் கோட்டைக்குளம் போன்றவற்றுக்கு மாநகராட்சி. காட்டை ஒட்டிய கரை என்றால் வனத்துறையும் வந்து நிற்கும். அடியில் உள்ள நிலம் வருவாய்த் துறைக் கணக்கில் நீர்நிலைப் புறம்போக்கு. தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பவர்கள் ஆயக்கட்டு விவசாயிகள். உள்ளே நீந்தும் கட்லாவும் ரோகுவும் மீன்பாசி ஏலம் எடுத்தவருடையது.

ஆத்தூர் காமராஜர் அணைக்கு இதற்கு மேல் ஒன்று உண்டு. அது திண்டுக்கல் நகரத்தின் குடிநீர். குடகனாற்றுத் தண்ணீர் மேலே எவ்வளவு நிற்க வேண்டும், கீழே வேடசந்தூர் பக்கம் எவ்வளவு போக வேண்டும் என்ற சண்டை பல ஆண்டுகளாக ஓயாமல் நடப்பது ஊரறிந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் படகு விடுவதற்கு யார் சீட்டுக் கிழிப்பது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் சீட்டுக் கிழிப்பவர்தான் நாளைக்கு அந்தக் கரைக்கு வாசல்காரர்.

உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் எம்.சி.மேத்தா - கமல்நாத் வழக்கில் ஒரு கோட்பாட்டை அழுத்தமாகச் சொன்னது. பியாஸ் ஆற்றின் போக்கையே ஒரு தங்கும் விடுதிக்காகத் திருப்பிய வழக்கு அது. ஆறு, கடற்கரை, காடு போன்றவற்றுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்களுக்காக அவற்றைக் காக்கும் அறங்காவலர் என்பது சாரம். அறங்காவலர் செலவுக்கு வசூலிக்கலாம். கோயில் நிலத்தையே தன் பேருக்கு எழுதிக்கொள்வது போல, பொதுத் தண்ணீரை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்களை வெளியே நிறுத்துவது வேறு.

ஏலம் என்ற பழக்கம்

நம் உள்ளாட்சிகளுக்குக் கட்டணம் என்றாலே ஏலம்தான் ஞாபகம் வரும். வாரச்சந்தைச் சுங்கம் ஏலம், பஸ் ஸ்டாண்ட் சைக்கிள் ஸ்டாண்ட் ஏலம், கட்டணக் கழிப்பறை ஏலம், புளியமர மகசூல் ஏலம். நிர்வாகத்துக்கு இது வசதி. வருஷ ஆரம்பத்திலேயே மொத்தப் பணம் கைக்கு வந்துவிடும், ஆள் போட்டு வசூலிக்கிற தொல்லை இல்லை. எடுத்தவருக்கோ போட்ட பணத்தை வருஷத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதனால்தான் பலகையில் ஒரு தொகை, சீட்டில் ஒரு தொகை, கையில் வாங்குவது இன்னொரு தொகை என்று சந்தையில் தினமும் வாய்த்தகராறு. சந்தைக்குக் காய்கறிக் கூடையோடு வரும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதை விளக்கமாகச் சொல்வார்.

படகு இறக்கும் உரிமையும் இந்த வழியில் போனால் முதல் அடி யாருக்கு? கயாக் வாங்குகிற வசதி உள்ளவர் ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அடி விழுவது பரிசல்காரருக்கு. சமவெளி அணைகளிலும் கண்மாய்களிலும் பரிசல் போட்டு வலை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். சில இடங்களில் தெர்மாகோலைக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து போகிறவர்களும் உண்டு. 'நீரில் இறங்கும் எந்தப் படகுக்கும் பாஸ்' என்று ஒரே வரியில் விதி எழுதினால், அந்த ஒரு வரி இவர்களையும் பிடிக்கும். மீனில் ஏற்கெனவே குத்தகைதாரருக்குப் பங்கு போகிறது, இனி பரிசல் இறக்கவும் தனிச்சீட்டு என்றால் தொழில் எப்படி நடக்கும்? துணி துவைக்கிறவர், மாடு குளிப்பாட்டுகிறவர், கோயில் திருவிழாவுக்குத் தெப்பம் விடுகிற ஊர்க்காரர்கள், இவர்கள் யாரும் 'பொழுதுபோக்குப் பயன்பாட்டாளர்' இல்லை. தண்ணீரோடு இவர்களுக்குள்ள பழக்கம் டிக்கெட் கவுன்ட்டருக்கு வயதில் பல தலைமுறை மூத்தது.

மீன்பாசி குத்தகைதாரர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். பணம் கட்டி மீன்குஞ்சு விட்டிருப்பவர் அவர். கயாக் வந்து வலையை இழுத்துவிட்டால் நஷ்டம் அவருக்கு. இரவில் படகு இறங்கினால் திருட்டு மீன் பிடிக்கவா, சும்மா சுற்றவா என்று கரையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பகலில் மட்டும், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் என்று நேரமும் எல்லையும் வைப்பது இதற்காகவே தேவை.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020 ஜனவரியில் 'நீர்வழி அணுகல் அனுமதி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இன்ஜின் இல்லாத, 10 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கயாக், கனூ போன்றவற்றுக்கு. அறிமுகத்தின்போது வாரத்துக்கு 5 டாலர், ஆண்டுக்கு 17 டாலர். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம். அந்தப் பணம் எங்கே போகிறது என்பதை விதியிலேயே எழுதினார்கள். ஒரு பகுதி, படகோடு ஒட்டிக்கொண்டு ஏரிவிட்டு ஏரி பரவும் அந்நிய நீர் உயிரினங்களைத் தடுக்க. மறுபகுதி, துடுப்புப் படகுக்காரர்கள் இறங்குவதற்கான சாய்தளம், படித்துறை, வண்டி நிறுத்துமிடம் அமைக்க. அப்படியும் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. "சாலையில் நடக்கவும் வரி போடுவீர்களா" என்கிற தொனியில்தான் எதிர்ப்பு வந்தது. ஆனால் கொடுத்த காசுக்குக் காட்ட ஒரு படித்துறையாவது இருந்தது.

பிரிட்டனுக்குள்ளேயே இரண்டு உலகம். ஸ்காட்லாந்தில் 2003-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் ஏரியிலும் ஆற்றிலும் துடுப்புப் படகு விடும் உரிமையைத் தந்துவிட்டது, சீட்டே கிடையாது. எல்லை தாண்டி இங்கிலாந்துக்கு வந்தால், கேள்விக்கு இடமில்லாத படகு உரிமை உள்ளது ஆறுகளின் நீளத்தில் சுமார் 4 சதவீதத்தில்தான் என்று துடுப்புப் படகு அமைப்புகள் நெடுநாளாகப் புலம்புகின்றன.

இங்கே அப்படியே எதையும் தூக்கி வந்து வைக்க முடியாது. ஸ்காட்லாந்துத் தண்ணீருக்கு ஆயக்கட்டுச் சண்டை இல்லை. ஓரிகனிலிருந்து ஒன்றை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நமக்கு ஆகாயத்தாமரை இருக்கிறது. ஒரு குளத்தில் அது ஏறிவிட்டால் பொக்லைன் வைத்தாலும் போகாது. ஒரு துண்டுத் தண்டு படகின் அடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த குளத்துக்குப் போனால் போதும். படகைக் கரையிலேயே கழுவித் துடைத்து எடுத்துப் போகச் சொல்வது கட்டணத்தைவிட முக்கியமான விதி.

அருகிலேயே பார்க்கத்தக்க மாதிரி ஒன்றும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகும் கயாக்கும் விடுகிறார்கள். படகை ஓட்டுவதும் வழிகாட்டுவதும் உள்ளூர்க்காரர்கள். வருமானம் ஊருக்குள் சுற்றுகிறது. வெளியூர் ஏலதாரர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் போய்ப் பார்த்தாலே புரியும்.

பாஸ் என்றால் காசுதானா?

இல்லை. இதை நம் மாவட்டமே காட்டிவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. எத்தனை வண்டி போகிறது, மலை எவ்வளவு தாங்கும் என்று கணக்கெடுக்கத்தான் அது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 வாகனம் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். வியாபாரிகளுக்கு அதில் மனக்குறை உண்டு, அது தனிக்கதை. ஆனால் அனுமதிச் சீட்டை வருமானமாகப் பார்க்காமல், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் கருவியாகப் பார்க்கலாம் என்பதற்கு அது முன்மாதிரி.

குடிநீர் அணையிலும், குளிர்காலத்தில் பறவைகள் வந்து தங்கும் குளத்திலும் இந்த மாதிரிதான் பொருந்தும். நாளுக்கு இத்தனை படகு, இன்ஜின் கூடாது, பறவைகள் இருக்கும் பக்கம் போகக் கூடாது, மதகுக்கும் மறுகால் பாயும் இடத்துக்கும் இவ்வளவு தூரம் தள்ளி. காசு வாங்காமலே இதைச் செய்யலாம். பெயரும் போன் நம்பரும் பதிந்த சீட்டு இருந்தால், மாலை ஆறு மணிக்கு யார் இன்னும் கரை திரும்பவில்லை என்றாவது தெரியும்.

உயிர் விஷயத்தில்தான் காசுக்கு நியாயம் பிறக்கிறது. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7-ல் மலப்புரம் தானூரில் 22 பேர். இரண்டு இடத்திலும் டிக்கெட் வாங்கித்தான் ஏறினார்கள். டிக்கெட் இருந்ததே தவிர, கட்டணத்தோடு வர வேண்டிய கண்காணிப்பு இல்லை. நம் சமவெளிக் குளங்களில் ஆபத்து வேறு மாதிரி. வண்டல் எடுத்த பள்ளம் தண்ணீருக்கு அடியில் இருக்கும், மேலே பார்த்தால் சமதளமாகத் தெரியும். கோடை விடுமுறையில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத வருஷம் இல்லை. கயாக் கட்டணம் என்று ஒன்று வாங்கினால், முதல் ரூபாய் போக வேண்டியது நீச்சல் தெரிந்த இரண்டு உள்ளூர் இளைஞர்களின் சம்பளத்துக்கு, ஒரு கயிறுக்கு, சில மிதவைகளுக்கு. படகில் வருபவர் கொடுக்கும் காசில் கரையில் குளிக்கும் பிள்ளையும் காப்பாற்றப்படும் என்றால் அந்தக் கட்டணத்தை யாரும் எதிர்க்க மாட்டார்கள்.

என்ன செய்யலாம்?

மாவட்ட நிர்வாகம் எல்லாக் குளத்தையும் ஒரே நாளில் திறந்துவிட வேண்டியதில்லை. பழனி பக்கம் பாலாறு - பொருந்தலாறு, அய்யம்பாளையம் மருதாநதி, ஒட்டன்சத்திரம் பக்கம் பரப்பலாறு என்று அணைகள் இருக்கின்றன. எங்கே விடலாம், எங்கே விடவே கூடாது என்று நீர்வளத் துறையும் மீன்வளத் துறையும் வனத்துறையும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பட்டியல் போடட்டும். ஆத்தூர் அணையைக் குடிநீர் என்பதற்காகப் பட்டியலிலிருந்து விட்டாலும் தப்பில்லை. ஆனால் அந்தக் காரணத்தைச் சொன்னால், விடுதிகளின் படகுக்கும் சிபாரிசோடு வருபவரின் படகுக்கும் அதே காரணம் பொருந்த வேண்டும்.

விடுகிற இடத்தில், வாடகைப் படகை யார் வேண்டுமானாலும் ஏலத்தில் எடுக்கட்டும். படகு இறக்கும் உரிமை மட்டும் ஏலத்துக்குப் போகக் கூடாது. அதற்கான சீட்டை ஊராட்சியோ துறையோ நேரடியாகக் கொடுக்க வேண்டும், தொகை சிறியதாக இருக்க வேண்டும், யுபிஐ-யில் கட்டினால் ரசீது வர வேண்டும். மீன்பிடித் தொழிலாளர், கரையோரக் கிராமத்தார், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோருக்குச் சீட்டு தேவையில்லை என்பதை விதியின் முதல் வரியாக எழுத வேண்டும். கடைசியில் 'விலக்கு' என்று சேர்த்தால், கரையில் நிற்பவர் அதுவரை படிக்க மாட்டார். வசூலான தொகையும் செலவும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். மற்ற வரவு செலவு வாசிக்கிற இடம்தானே, புதிதாக ஒரு குழு எதற்கு?

தண்ணீர் அளவும் விதியில் இருக்க வேண்டும். நம் பக்கத்துக் குளங்கள் வருஷம் முழுக்க நிற்பவை அல்ல. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் தை, மாசியிலேயே தரை தெரியும். மீன்பாசி எடுத்தவர்கள் தண்ணீர் வற்றிப்போன ஆண்டில் நஷ்டத்தோடு அலுவலகம் அலுவலகமாக அலைவதைப் பார்க்கிறோம். ஆண்டு பாஸ் என்று மொத்தமாக வாங்கிவிட்டு, பாதி ஆண்டு சேற்றைக் காட்டினால் அடுத்த சண்டை அங்கே ஆரம்பிக்கும். நாள் சீட்டே போதும். மதகில் குறிப்பிட்ட அடிக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் அன்றிலிருந்து படகு நிறுத்தம், பாசனத்துக்குத் திறந்துவிடும் நாட்களில் நிறுத்தம் என்று அளவுகோலைக் காட்டியே சொல்லிவிடலாம். அந்த அளவுகோல் எல்லா அணையிலும் ஏற்கெனவே பெயின்ட் அடித்து நிற்கிறது, தினமும் காலையில் ஒருவர் வந்து படித்துக் குறித்துக்கொண்டும் போகிறார்.